நாரந்தனைப் பத்தியம்

மீனலோசனியைப் பற்றிக் கேட்டால் எங்கள் தீவுக் கிராமமான சரவணையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சமயம் மாறினவள் என்பார்கள். மூளை பிசகினவள் என்பார்கள். பெற்ற தாயின் செத்தவீட்டுக்குள் கால் வைக்காதவள் என்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப்பேர் அவள் வீட்டுப் படலையைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததுகூட இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் வாழ்நாள் முழுக்க இருந்த எனக்கே அவளை முழுதாக விளங்கவில்லை. இவர்களுக்கு மட்டும் எப்படி விளங்கியது என்று நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆகையால் நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன்.

முறையைச் சொன்னால்தான் கதை பிடிபடும். என் தகப்பனாரின் சகோதரி இலட்சுமிப்பிள்ளை மாமி. மாமியின் ஒரே பிள்ளை மீனலோசனி. அவளை என் மூத்த அண்ணர் வல்லிபுரம் கட்டினார். எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் அவள் எனக்கு மச்சாள். என் பெயர் சின்னத்தங்கம். வாய்க்காரி என்று ஊரில் எனக்குப் பெயர் இருக்கிறது. அதை நான் மறுப்பதில்லை. மீனலோசனிக்கு வாயே கிடையாது. இரண்டு பேரும் ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தோம். ரீச்சர் அவளைப் பார்த்து, "நான் வருமட்டும் எழும்பாதை" என்று சொல்லிவிட்டு மறந்துபோய் வீட்டுக்குப் போய்விட்டால், அவள் பொழுது சாயும்வரை அந்த வாங்கிலேயே இருப்பாள். நான்தான் திரும்பிப் போய் இழுத்துக்கொண்டு வரவேண்டும்.

ஐம்பத்தாறாம் ஆண்டு அவளுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. சறோஜினிதேவி என்று பெயர் வைத்தார்கள், சறோ என்று கூப்பிட்டோம். பால்குடிப் பிள்ளைக்கு வருத்தம் வந்தால் மருந்து பிள்ளைக்கு, பத்தியம் தாய்க்கு. இது எங்கள் பக்கத்து வழக்கம். தாய் மீன் தின்றால் பாலில் இறங்கிப் பிள்ளையின் மருந்தைக் கெடுக்கும் என்று நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரி சொல்வார். மற்றப் பெண்கள் பரியாரி போன பிறகு ஒரு துண்டுக் கருவாட்டைச் சுட்டுக் களவாய்த் தின்பார்கள். நானும் தின்றிருக்கிறேன், என் பிள்ளைகளுக்கு ஒன்றும் வரவில்லை. மீனலோசனியோ மீன் கழுவிய தண்ணீர் தெறித்தால்கூடக் கையை அலம்பிவிட்டு வருவாள். பரியாரி வந்து, "இனிப் பத்தியம் முறிக்கலாம் பிள்ளை" என்று சொன்ன பிறகுதான் அவள் வீட்டுக் குசினியில் மீன்வாசம் வரும்.

சறோவுக்கு ஏழு வயதாக இருக்கும்போது ஒருநாள் கிணற்றடியில் விழுந்தாள். கால் வழுக்கி விழுந்தாள் என்றுதான் நான் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் கண் மேலே செருகி, கை கால் இழுத்து, வாயில் நுரை. அதற்குப் பிறகு மாதத்தில் இரண்டு தடவை, மூன்று தடவை என்று வரத் தொடங்கியது. நூல் கட்டினோம். பார்வை பார்த்தோம். நயினாதீவு அம்மனுக்கு நேர்ந்துகொண்டு தோணியேறினோம். பிள்ளை அடுப்படியில் விழுந்துவிடுமோ, கிணற்றுக்குள் விழுந்துவிடுமோ என்று மீனலோசனி எங்கே போனாலும் அவளை இடுப்பில் கட்டாத குறையாகக் கொண்டு திரிந்தாள். சறோவுக்குப் பிறகு வேறு பிள்ளையும் தங்கவில்லை. இருந்தது அந்த ஒன்றுதான்.

கடைசியில் டொக்டர் தம்பையாவிடம் போனோம். முதலே போயிருக்கவேண்டும், ஆனால் வலிப்பு என்றால் பேய் என்று எல்லாரும் சொன்னால் என்ன செய்வது?

டொக்டர் தம்பையா காரைநகர் மனிதர். அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு எங்கள் சந்தியில் டிஸ்பென்சரி வைத்திருந்தார். நல்ல மனிதர் என்று சொன்னால் போதாது. சோளகக் காற்றில் தோணிக்காரனே பயப்படும்போது, பிள்ளைப்பேற்றுக்காக அனலைதீவுக்குக் கடல் தாண்டினவர். சைவக்காரரும் கிறிஸ்தவ வேதக்காரரும் அவருடைய பேச்சுக்கு மறுபேச்சுப் பேசியது கிடையாது. புருசன் பெண்சாதி சண்டையில்கூட "டொக்டர் சொன்னவர்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் வாயை மூடிக்கொள்வார். அப்படியான மனிதர் என்பதால்தான் இந்தக் கதையே வந்தது.

அவர் சறோவின் கண்ணைப் பார்த்தார், முழங்காலில் தட்டிப் பார்த்தார், நெடுநேரம் எங்களிடம் கேள்வி கேட்டார்.

"இது பேயுமில்லை, பிசாசுமில்லை. மூளையிலை வாற ஒரு கோளாறு. இந்தக் குளிசையை நெடுகக் குடுக்கவேணும். ஒருநாளும் விடப்படாது, விளங்குதே?"

"விளங்குது ஐயா. பத்தியம் என்ன ஐயா?" என்று மீனலோசனி கேட்டாள்.

வழக்கமாக யாராவது பத்தியம் கேட்டால் டொக்டர் எரிந்து விழுவார். இங்கிலீசு மருந்துக்குப் பத்தியமில்லை, போய் எல்லாத்தையும் தின்னுங்கோ என்று கத்துவார். அன்றைக்குக் கத்தவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மீனலோசனியின் முகத்தையே பார்த்தார். நித்திரை இல்லாமல் கருவளையம் விழுந்த முகம்.

"மருந்து அரைவாசிதான் பிள்ளை. மிச்ச அரைவாசி நாரந்தனையிலை இருக்குது. வெள்ளிக்கிழமையிலை கனகசபை வாத்தியார் வீட்டை போம். அவர் சொல்லுறபடி நடவும்."

நானும் பக்கத்துக் கதிரையில் இருந்து இதைக் கேட்டேன். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

பக்கத்து ஊரான நாரந்தனையில் கனகசபை வாத்தியார் வீட்டில் ஒரு கூட்டம் கூடுகிறது என்பது தீவில் எல்லாருக்கும் தெரியும். ஓருள்ளச் சபை என்று தங்களுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். சிலையில்லை, சிலுவையில்லை, விளக்கில்லை. வெறும் பாயில் கண்ணை மூடிக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பார்கள். ஊர் அதற்கு ஊமைக் கூட்டம் என்று பெயர் வைத்தது. வாய் திறக்காமல் இருந்தால் யாருக்கு என்ன? வில்லங்கம் வேறு இடத்தில் இருந்தது. சபைக்குப் போகிறவர்கள் கோயிலுக்கும் போகக்கூடாது, தேவாலயத்துக்கும் போகக்கூடாது. திருநீறு பூசக்கூடாது. வீட்டில் விளக்கேற்றக்கூடாது. செத்தவீட்டு முற்றம் மிதிக்கக்கூடாது, ஏனென்றால் அழுகிறவர்கள் போகிற உயிரை மறிக்கிறார்களாம். எங்கள் தீவில் கலியாணத்துக்குப் போகாமல் விட்டாலும் ஒரு சாட்டுச் சொல்லித் தப்பலாம். செத்தவீட்டுக்குப் போகாதவனுக்குத் தப்ப வழியே இல்லை. ஐயரும் அவர்களைத் திட்டினார், தேவாலயத்துச் சுவாமியாரும் பூசையில் திட்டினார். அந்த ஒரு விசயத்தில்தான் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள்.

டொக்டர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று கேட்பீர்கள். அவருடைய மனைவி காய்ச்சலில் கிடந்து அவர் கையாலேயே மருந்து குடித்துக்கொண்டிருக்கும்போது செத்துப்போனா. அதற்குப் பிறகு மனிதருக்கு நித்திரை இல்லை. கனகசபை வாத்தியார்தான் பாயைப் போட்டுப் பக்கத்தில் இருத்தினாராம். மனிதருக்கு அங்கே ஆறுதல் கிடைத்தது, கிடைத்ததை மற்றவர்களுக்கும் கொடுக்க நினைத்தார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. வேறு நாட்களில் வேறு விதமாகவும் தோன்றும். மருந்து கேட்டு வந்தவளிடம் சமயம் பேச இவருக்கு என்ன அதிகாரம் என்று.

மீனலோசனி முதல் வெள்ளிக்கிழமையே போனாள். வந்த அன்றே சாமிப் படங்களைச் சீலையில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தாள். நெற்றி வெறுமையாய் இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் வேலிக்கு மேலால் கத்தினேன்.

"எடியே, சைவத்தை விட்டிட்டியே?"

"சீச்சீ, நான் ஏன் விடுறன்?"

"அப்ப நெத்தியிலை திருநீறு எங்கை?"

"பத்தியம் மச்சாள்."

"என்ன பத்தியம்?"

"சறோவின்ரை மருந்துக்கு. டொக்டர் சொன்னதை நீயும் கேட்டனிதானே? பத்திய நேரம் மீன் தின்னாட்டி மீனை வெறுத்ததே? இதும் அப்பிடித்தான்."

எனக்கு வாயடைத்துப்போய்விட்டது. எனக்கு வாயடைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பத்தியமெண்டா முறிக்கிற நாள் ஒண்டு இருக்குமே?" என்று கொஞ்சநேரம் கழித்துக் கேட்டேன்.

"டொக்டர் சொல்லுவர்," என்றாள்.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. வலிப்பு நின்றுவிட்டது. ஒரு மாதம் வரவில்லை, இரண்டு மாதம் வரவில்லை. சறோ கன்னத்தில் சதை வைத்துப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். குளிசையால் நின்றது என்று நான் சொன்னேன். "குளிசையும் பத்தியமும்" என்று அவள் திருத்தினாள்.

ஊர் திருநீற்றை மட்டும்தான் பார்த்தது. பத்தியம் என்று நான் சொல்லப்போனால் சிரித்தார்கள். இலட்சுமிப்பிள்ளை மாமி மகளோடுதான் இருந்தவ. "விளக்கில்லாத வீட்டிலை எனக்கு இருக்க ஏலாது" என்று சொல்லி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஒழுங்கையில் இருந்த தன் பழைய வீட்டுக்குப் போய்விட்டா. மீனலோசனி நாள்தோறும் காலையில் சாப்பாடு கொண்டுபோவாள். மாமி அதைச் சாப்பிடுவா, ஆனால் மகளின் முகத்தைப் பார்க்கமாட்டா. என் அண்ணர் அநுராதபுரத்தில் கடை வைத்திருந்தார். தைப்பொங்கலுக்கு வந்தவரைப் பிடித்து, "உங்கடை பெண்சாதிக்குச் சொல்லுங்கோவன்" என்றேன். "பிள்ளை சுகமாயிருக்குதெல்லே, பேசாமல் விடு" என்று சொல்லிவிட்டு அடுத்த கிழமை ரெயிலேறிவிட்டார். ஆம்பிளைகளுக்கு எல்லாம் லேசு.

ஒரு வெள்ளிக்கிழமை நானும் நாரந்தனைக்குப் போனேன். அந்த வாத்தியாரை நாலு கேள்வி கேட்டு நாறடிக்கவேண்டும் என்றுதான் போனேன். போனால் மெலிந்த ஒரு கிழவர், "இருங்கோ தங்கச்சி" என்று பாயைத் தட்டிப் போட்டார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தேத்தண்ணி தந்தார்கள். என்னிடம் ஒன்றும் கேட்கவுமில்லை, வாங்கவுமில்லை. கொண்டுபோன நாலு கேள்வியையும் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு யாரைப் பிடித்துத் திட்டுவது என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு நன்றாக நித்திரை கொண்டேன். அதற்காகவும் எனக்குக் கோபம் வந்தது.

அந்தப் பாயில் எனக்குப் பக்கத்தில் இருந்தவ அல்போன்சம்மா. கடற்கரைப் பக்கத்து வேதக்காரப் பெண். மகனைக் கடல் கொண்டுபோனபிறகு தலையிடி என்று டொக்டரிடம் போக, அவவையும் டொக்டர் இங்கே அனுப்பியிருந்தார். ஒரு வருசம் போல வந்தா, பிறகு நிறுத்திவிட்டா. சந்தையில் கண்டு, "எப்பிடி விட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தனான் பிள்ளை. சுவாமியார் ஏசினார், செபமாலை சொல்லச் சொன்னார், சொன்னனான். முடிஞ்சுது."

எங்களுக்கு அப்படி ஒரு வழி இல்லையே என்று எனக்கு அன்று பொறாமையாக இருந்தது. மீனலோசனி போய் முழங்காலில் நின்றால், பத்தியம் முறிந்தது எழும்பு என்று சொல்ல எங்கள் பக்கத்தில் ஆர் இருக்கிறார்?

ஒருமுறை நானே முறிப்பித்தேன். சறோவுக்குப் பத்து வயது. எங்கள் கோயில் தேர். வீட்டுக்கு வீடு வாழை கட்டி, தீவே திரண்டு போகிறது. மீனலோசனி முற்றத்தில் இருந்து பனங்கிழங்கு உரிக்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன். தேர் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டாள், கண்ணால் தண்ணீர் ஓடியது. ஏழு நாளாகவில்லை, அந்தக் கிழமை போகுமுன் சறோ பள்ளிக்கூடத்தில் விழுந்தாள். மூன்று வருசத்துக்குப் பிறகு வந்த முதல் வலிப்பு.

மீனலோசனி என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. நான் விடவில்லை. அவள் வீட்டைத் துருவிப் பார்த்தேன். அலுமாரிக்குப் பின்னால் குளிசைகள் கிடந்தன. கைக்கிறது என்று சறோ வாயில் போட்டுத் துப்பி ஒளித்திருக்கிறாள். அள்ளிக்கொண்டு வந்து மீனலோசனியின் கண்ணுக்கு முன்னால் பிடித்தேன்.

"இந்தா பார்! இதாலைதான் வந்தது. தேராலை இல்லை."

அவள் பார்த்தாள். ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே கிழமையிலை முறிஞ்சு போச்சு மச்சாள்," என்றாள். "எதாலை வந்ததெண்டு ஆருக்குத் தெரியும்?"

யோசித்துப் பாருங்கள், அதற்கு என்ன பதில் இருக்கிறது? நான் இன்றுவரை யோசிக்கிறேன். குளிசையை மட்டும் விட்டுப் பார், அல்லது சபையை மட்டும் விட்டுப் பார் என்று சொல்லலாம். சொல்வது லேசு. விட்டுப் பார்க்க வேண்டியது அவளுடைய பிள்ளையை வைத்தல்லவா? அதற்குப் பிறகு அவள் ஒரு குளிசையும் தவறவிடவில்லை, ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவிடவில்லை. வலிப்பும் வரவில்லை. அப்படியே வருசங்கள் போயின. எங்கள் வீட்டு நல்லது கெட்டது ஒன்றிலும் அவள் இல்லை. என்னைப் பெற்ற அப்பு செத்தபோது ஒழுங்கை முகப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனாள். அதற்கு நான் அவளோடு ஒரு வருசம் கதைக்கவில்லை. பிறகு அவளுடைய மாடு என் வளவுக்குள் வந்துவிட்டது, மாட்டைத் திட்டப்போய் மறுபடியும் கதைக்கத் தொடங்கிவிட்டோம்.

எழுபத்தேழில் இலட்சுமிப்பிள்ளை மாமி படுக்கையில் விழுந்தா. நெஞ்சு வருத்தம். டொக்டர் தம்பையாவும் தளர்ந்துபோயிருந்தார். அப்படியிருந்தும் நாள்தோறும் வந்து பார்த்தார். மீனலோசனி இரவுபகல் தாயின் காலடியில்தான். உடம்பு துடைத்து, கஞ்சி பருக்கி, எல்லாம் அவள்தான். படுக்கையில் விழுந்த பிறகுதான் மாமி மகளின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினா. ஒரு பின்னேரம் நானும் பக்கத்தில் இருக்கும்போது கேட்டா.

"பிள்ளை, நான் செத்தா நீ வருவியே?"

மீனலோசனி தாயின் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"உன்னையெல்லே கேக்கிறன். எனக்கு வேறை ஆர் இருக்கினம்? ஒரு பிடி அரிசி போட நீ வருவியே?"

"இப்ப ஏன் அந்தக் கதை அம்மா?" என்று சொல்லிவிட்டுக் குசினிப் பக்கம் எழும்பிப் போனாள். நான் பின்னால் போனேன். அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து அணைந்த அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். தாயின் செத்தவீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று வாத்தியாரிடம் முதலே கேட்டாளாம். "இஞ்சை ஆரையும் கட்டி வைக்கேல்லை பிள்ளை, விடுறதும் இருக்கிறதும் உம்மடை மனசு" என்றாராம். மனசாம்! மனசைக் கேட்கவா அவள் போனாள்? சறோவுக்கு வருமா வராதா என்றல்லவா கேட்டாள்?

"டொக்டரைக் கேளன்," என்றேன்.

"கேக்கப் பயமாயிருக்குது."

ஒரு மத்தியானம் மாமிக்கு மூச்சு வாங்கியது. டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தோம். அவர் நாடியைப் பிடித்தபடி நெடுநேரம் இருந்தார். மீனலோசனி தாயின் இரண்டு காலையும் மடியில் வைத்திருந்தாள். டொக்டர் கையை மெல்லக் கீழே வைத்து, "போட்டா, முடிஞ்சுது" என்றார்.

நான் குழறி அழுதேன். சறோ குழறினாள். மீனலோசனி தாயின் காலை மடியிலிருந்து இறக்கிப் பாயில் வைத்தாள். எழும்பினாள். ஒருவரையும் பார்க்காமல் முற்றத்தைக் கடந்து, படலையைத் திறந்து, ஒழுங்கையில் போய் நின்றாள். அந்த நொடியிலிருந்து அது செத்தவீடு. எனக்கு அழுகை அப்படியே நின்றுவிட்டது.

டொக்டர் வெளியே போகும்போது நானும் கூடப் போனேன். படலையடியில் அவர் திகைத்து நின்றார்.

"மீனலோசனி, ஏன் வெளியிலை நிக்கிறீர்? உள்ளை போம்."

"செத்தவீடு மிதிக்கக்கூடாதே ஐயா."

"அது... தாயல்லோ பிள்ளை. நான் சொல்லுறன், போம்."

அவளுடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சத்தியமாக வந்தது, நான் பார்த்தேன்.

"அப்ப பத்தியம் முறிக்கலாமோ ஐயா?"

"என்ன பத்தியம்?" என்றார் டொக்டர்.

இத்தனை வருசம்! "என்ன பத்தியமோ?" என்று நான் கத்திவிட்டேன். டொக்டர் என்ற மரியாதையும் பார்க்கவில்லை. "சறோவின்ரை மருந்துக்கு நீங்கள் சொன்ன பத்தியம். மருந்து அரைவாசி, நாரந்தனை அரைவாசி எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? அண்டு தொடக்கம் இவள் காக்கிறாள். நீங்கள் முறியெண்டு சொல்லுவியளெண்டு காத்துக்கொண்டு நிக்கிறாள்."

டொக்டரின் முகம் வெளிறிப்போனது. "நான் பத்தியமெண்டு சொல்லேல்லையே சின்னத்தங்கம். இந்தப் பிள்ளையின்ரை மனசுக்கு ஓர் ஆறுதலெண்டு..." என்று இழுத்தார்.

மீனலோசனி ஆறுதலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நான் உள்ளை போனா, சறோவுக்கு வருத்தம் திரும்பி வராதெண்டு அடிச்சுச் சொல்லுவியளே ஐயா? நீங்கள் சொன்னா நான் போறன்."

டொக்டர் கையிலிருந்த பையை மறுகைக்கு மாற்றினார்.

"வலிப்பு எப்ப வருமெண்டு ஒருத்தராலையும் சொல்ல ஏலாது பிள்ளை. மருந்து குடிச்சாலும் வரலாம்," என்றார்.

உண்மையைத்தான் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஒரு பொய், ஒரேயொரு பொய் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? அரைவாசி என்று சொன்னபோது எங்கே போனது இந்த எச்சரிக்கை? மீனலோசனியின் முகத்தில் வந்த வெளிச்சம் போய்விட்டது. டொக்டர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். அந்த மனிதரில் எனக்கிருக்கும் மரியாதையும் போகவில்லை, கோபமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

அடுத்தநாள் செத்தவீடு. பந்தல் போட்டு, பறை முழங்கி, ஊரே வந்தது. என் அண்ணர் அநுராதபுரத்திலிருந்து வந்துசேரவில்லை; கொள்ளி வைக்க மாமியின் கடைசித் தம்பியாரின் மகன் வந்திருந்தார். பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று நெய்ப்பந்தம் பிடிக்கவேண்டும். மாமிக்குப் பேரப்பிள்ளை என்று இருந்தது சறோ ஒருத்திதான். நெருப்பு, புகை, பறைச் சத்தம், சனநெரிசல். வலிப்புக்காரப் பிள்ளைக்கு இவை ஒன்றும் ஆகாது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆகையால் ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.

சறோவுக்கு அப்போது இருபத்தொரு வயது. தாயோடு படலைக்கு வெளியே நின்றவள் திடீரென்று படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ஐயரிடம் போய்த் திருநீறு வாங்கி எல்லாருக்கும் தெரியப் பூசினாள். பிறகு திரும்பி நின்று சொன்னாள்.

"அம்மா, வாங்கோ உள்ளை. எனக்கு ஒண்டும் வராது. பெரிய வகுப்புக்குப் போன நாள் தொடக்கம் நான் வருசா வருசம் சிநேகிதப் பெட்டையளோடை நயினாதீவுக்குப் போறனான். திருநீறு பூசிப்போட்டு வள்ளத்திலை வரேக்கை அழிச்சுப்போடுவன். எனக்கு வந்ததே? வரேல்லை. வாங்கோ அம்மா."

பறைகூட நின்றுவிட்டது. நான் படலையைப் பார்த்தேன். இனி வருவாள் என்று நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

"நீ போகலாம் பிள்ளை," என்றாள் மீனலோசனி. குரல் சாதாரணமாக இருந்தது. "மருந்து உனக்கு, பத்தியம் எனக்கு. நான் காத்தபடியாலைதான் உனக்கு ஒண்டும் வரேல்லை."

சறோ தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் அழுதுகொண்டே பந்தத்தைக் கையில் எடுத்தாள்.

ஐயர் திருவாசகப் பாட்டைத் தொடங்கினார். சறோ தலைமாட்டில் பந்தத்தோடு நின்றாள். நெய்ப்புகை அவளுடைய முகத்தில் அடித்தது. பறை உச்சத்துக்குப் போனது. நான் வாய்க்கரிசி போட்டுவிட்டுத் திரும்பினேன். மீனலோசனி படலைக் கப்பு மரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கண் சறோவில் இருந்தது. சறோ கண்ணைக் கசக்கினால் இவளுடைய உடம்பு முன்னால் போகும். சறோ காலை மாற்றி வைத்தால் இவளுடைய கை கப்பை இறுக்கும். இமை கொட்டினாளா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் எல்லாரும் குழறிக்கொண்டு படலை வரைக்கும் பின்னால் ஓடினோம். பாடை படலையால் வெளியே வந்தது. மீனலோசனியின் தோளில் முட்டுகிற அளவு கிட்டவாக வந்தது. அவள் வழி விட்டு ஒதுங்கினாள். வழியில் ஆரும் வந்தால் ஒதுங்குவது போல ஒதுங்கினாள். கண்ணைத் திருப்பவில்லை. கண் முற்றத்தில், அணைந்த பந்தத்தோடு தனியே நின்ற சறோவில் இருந்தது. பறைச் சத்தம் ஒழுங்கையைத் தாண்டி, கடற்கரைப் பக்கம் போய்த் தேய்ந்தது.

சறோ பந்தத்தை நிலத்தில் வைத்தாள். நடந்து கிணற்றடிக்குப் போனாள். வாளியால் தண்ணீர் அள்ளி முகத்தைக் கழுவினாள். விழவில்லை.

நான் மீனலோசனியிடம் போனேன். என் கையைப் பிடித்தாள்.

"விழேல்லை மச்சாள். பாத்தனியே? பிள்ளை விழேல்லை."

"ஓமடி, விழேல்லை."

பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். அப்புறம்தான் பந்தலுக்குள் பார்த்தாள். அங்கே வெறும் வாங்கும், சிந்திக் கிடந்த அரிசியும், பூவும்தான். ஒழுங்கையின் இந்த அந்தமும் பார்த்தாள், அந்த அந்தமும் பார்த்தாள்.

"அம்மா எங்கை மச்சாள்?" என்று கேட்டாள். "அம்மாவைக் கொண்டு போயிட்டினமே?"